பழைய வெர்னாவா, புது வெர்னாவா?

"பழசு வாங்கவா, புதுசு புக் பண்ணவா?" என்று மச்சான் கேட்டதில் தொடங்கிய பேச்சு இது. 2017இல் வந்த ஹூண்டாய் வெர்னா காரையும், 2023 மார்ச்சில் அடியோடு மாறி வந்ததையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

முகம்
பழசு: குரோம் கிரில், இரு பக்கமும் ஹெட்லைட். யாருக்கும் உறுத்தாது.
புதுசு: பானெட் விளிம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே ஒளிக்கோடு, ஹெட்லைட் கீழே பம்பருக்கு இறங்கிவிட்டது. இரவில் அழகு. பகலில், புருவம் மட்டும் இருந்து கண்ணைக் காணோம் என்கிற மாதிரி. எனக்கு ஒரு மாதம் ஆனது பழக. அதைவிட, முன்னால் லேசாக இடித்தாலும் அடி நேராக விளக்குக்குத்தான் போகுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

பின்பக்கம்
இரண்டிலும் கூரை சரிந்துதான் இறங்கும். புதுசில் சரிவு இன்னும் நீளம். உயரமான ஆள் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை தட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடம்
பழசு: வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) 2600 மி.மீ., டிக்கி 480 லிட்டர்.
புதுசு: 2670 மி.மீ., 528 லிட்டர். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டைக்கும் இடம் கிடைக்கும்.

இன்ஜின்
டீசல் வேண்டுமென்றால் பழசுதான். புதுசில் பெட்ரோல் மட்டுமே.

குறுகிய தெரு, இடிபடும் பார்க்கிங், குறைந்த பட்ஜெட் என்றால் பழசு. பிள்ளைகளோடு நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் புதுசு. காரை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் புதுசு ஐந்து நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது. மச்சான் புதுசை புக் பண்ணிவிட்டான். அக்காவுக்கு அந்த முகம் இன்னும் பிடிக்கவில்லை.