ஊட்டச்சத்து, உணவு மேலாண்மைப் பட்டப்படிப்பு: நான்கு வருடம் படித்த அனுபவம்

போன மாதம்தான் படிப்பை முடித்தேன். இதில் சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எழுத வந்தது படிப்பைப் பற்றி மட்டும்தான்.

வேதியியல் பிடிக்காது என்பதற்காக இந்தப் பக்கம் வராதீர்கள். முதல் இரண்டு வருடம் முழுக்க உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல்தான். சமையல் படிப்பு என்று நினைத்து வந்த சிலர், உணவு செல்லுக்குள் ஆற்றலாக மாறும் வேதிமாற்றங்களின் தொடரான கிரெப்ஸ் சுழற்சி தொடங்கிய வாரத்திலேயே தவித்துப்போனார்கள். எனக்கோ ஆய்வகம் மிகவும் பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் ஒரே ஒரு பரிசோதனை.

உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க கெல்டால் முறை என்று ஒன்று உண்டு. டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்டது. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் காய்ச்சினால், முதலில் தார் மாதிரி கறுத்துப்போகும். மணிக்கணக்கில் கொதித்த பிறகு மெல்லத் தெளிந்து வெளிர் பச்சைநீலத்துக்கு வரும். அதற்குள் புரதத்தில் இருந்த நைட்ரஜன் அம்மோனியாவாகச் சேர்ந்திருக்கும். அப்புறம் அந்த அம்மோனியாவை வடித்து, துளித்துளியாக அமிலம் விட்டு அளக்க வேண்டும். பச்சையாக இருந்த கரைசல் ஒரே துளியில் இளஞ்சிவப்பாக மாறும் நொடியில் கையை நிறுத்த வேண்டும். கிடைத்த நைட்ரஜன் அளவைப் புரதக் கணக்காக மாற்ற 6.25ஆல் பெருக்கி, "புரதம் இவ்வளவு" என்று நோட்டில் எழுதினேன். பின்னால் நின்றிருந்த ஆசிரியர் கேட்டார்: "நீ அளந்தது புரதத்தையா, நைட்ரஜனையா?"

அதற்கு மேல்தான் 2008இல் சீனாவில் நடந்ததைச் சொன்னார். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவாகத் தெரியக்கூடாது என்று, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நைட்ரஜனை மட்டும் பார்க்கும் சோதனைக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பாலில் தயாரித்த பால்மாவைக் குடித்த சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அன்றிலிருந்து உணவுப் பொட்டலத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை எப்படி அளந்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே படிப்புக்கு நன்றி சொல்வேன்.

ஒருவர் நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவதும் நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். நான் பேசிய பெரியவர் முதல் தடவை மூன்று வேளைச் சாப்பாட்டை மட்டும் சொன்னார். எழுந்த நேரத்திலிருந்து மணிவாரியாக மறுபடி கேட்டபோது ஆறு கோப்பை தேநீர் வெளியே வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 4 கிராம் என்றால் 48 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையும், தேனிலும் பழச்சாற்றிலும் இருக்கும் சர்க்கரையும் சேர்ந்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். அவருக்குத் தேநீரிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. தேநீரை அவர் சாப்பாட்டுக் கணக்கில் வைத்ததே இல்லை.

மேலாண்மைப் பகுதிக்கு வருகிறேன். கொள்முதல், சரக்கிருப்பு, செலவுக் கணக்கு எல்லாம் உண்டு, படித்தால் தேறிவிடலாம். உண்மையில் கற்றுக்கொண்டது பெரிய சமையலறையில்தான். நான்கு பேருக்கான சமையல் குறிப்பை நூறால் பெருக்கினால் 400 பேருக்கு ஆகாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றுவது விகிதத்தில் குறைவு. அப்படியே பெருக்கினால் நீர்த்துப்போகும்.

ஒரு நாள் ஒரே சூப்பை இரண்டாகப் பிரித்து ஆறவைத்தோம். பாதி ஆழமான பாத்திரத்தில், பாதி ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டுகளில். சமைத்ததை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதிகளில் உள்ள கணக்கு. இரண்டு மணி நேரம் கழித்து வெப்பமானியைச் செருகினால், தட்டுகளில் 19. பாத்திரத்தின் நடுவில் இன்னும் 51. மேலே தொட்டுப் பார்த்தால் ஆறியது போலத்தான் இருந்தது. கொதிக்கும்போது சாகாமல் தப்பிக்கும் பெர்ஃபிரிஞ்சன்ஸ் போன்ற கிருமிகளின் வித்துகள் முளைத்துப் பெருகுவது இந்த வெதுவெதுப்பில்தான்.

கடைசி வருடம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் ஆறு வாரப் பயிற்சி. எனக்குக் கொடுத்த வேலை, சாப்பிட்டுத் திரும்பி வரும் தட்டுகளை நிறுப்பது. முதல் நாள் சலிப்பாக இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த ஒரு வயதான அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1,800 கலோரி, 70 கிராம் புரதம் என்று உணவுத் திட்டம் போட்டிருந்தோம். கணக்கில் ஒரு குறையும் கிடையாது. மதியம் 460 கிராம் போகிறது, 310 கிராம் திரும்பி வருகிறது. மூன்று நாளும் இதே கதை. பசியில்லை போல என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். நான்காம் நாள் தட்டின் பின்னாலேயே போனேன். வலது கையில் மருந்து ஏற்றும் ஊசி; தட்டின் மேல் இறுக்கமான பிளாஸ்டிக் மூடி. "இந்த மூடி திறக்க வரலைம்மா. யாராவது வர்றதுக்குள்ள ஆறிப்போயிடுது" என்றார். மறுநாளிலிருந்து பரிமாறுகிறவரே மூடியைத் தளர்த்திவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். தட்டு 90 கிராமோடு திரும்பி வந்தது.

அந்த மூடி எந்தப் பாடத்தில் வருகிறது? ஊட்டச்சத்துத் தாளிலும் இல்லை, மேலாண்மைத் தாளிலும் இல்லை. என் பெரிய குறை இதுதான். இரண்டு பாதியையும் இரண்டு தனிப் படிப்பு போல நடத்தினார்கள். செலவுக் கணக்கு வகுப்பில் உதாரணத்துக்கு நாற்காலி செய்யும் தொழிற்சாலை. நோயாளியோடு எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரே ஒரு தாள், அதுவும் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. சமையலறைப் பயிற்சி இரண்டாம் வருடமே வந்திருந்தால், உயிர்வேதியியலை நான் வேறு மாதிரி படித்திருப்பேன். இதை இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பாடத்திட்டம் முடிவாகிவிட்டது என்றார்கள்.

இன்னொன்று: பட்டம் வாங்கியதும் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்று நம்பி வராதீர்கள். பிரிட்டனில் அது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். பதிவு செய்தவர்கள்தான் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல், பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும். நீங்கள் வேலை செய்ய நினைக்கும் நாட்டில் இந்தப் பட்டம் எதுவரை செல்லும் என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி எத்தனை வாரம், எந்த வருடத்தில் என்றும் கேளுங்கள்.

இவ்வளவு குறையோடும் மறுபடி இதையேதான் படிப்பேன். அடுத்த வாரம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்கிறேன். தராசு இருக்கிறதா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டேன். மாவு நிறுக்க ஒன்று இருக்கிறது என்றார்கள். திரும்பி வரும் தட்டுகளுக்குத் தனியாக இன்னொன்று கேட்டிருக்கிறேன்.