முதுகுவலி "பேக்கேஜ்" சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்: ஓர் எச்சரிக்கை

அறுவை சிகிச்சையின்றி முதுகுவலிக்கு நிரந்தரத் தீர்வு என்று விளம்பரம் செய்யும் தனியார் மையம் ஒன்றில் பணத்தையும், அதைவிட முக்கியமாக, நோயைக் காலத்தோடு கண்டறியும் வாய்ப்பையும் பறிகொடுத்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

எனக்கு இருப்பது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடத்திலுள்ள எஸ்.ஐ. மூட்டுகளில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழற்சியை உண்டாக்கும் நோய் இது. பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குகிறது. கவனிக்காமல் விட்டால், சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குனியவும் திரும்பவும் முடியாத நிலை வந்துவிடும். இந்த வலிக்கென்று ஒரு குணம் உண்டு: படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக இடுப்பு விறைத்துக் கிடக்கும். புட்டத்தில் வலி பக்கம் மாறி மாறி வரும்.

இவ்வளவையும் முதல் சந்திப்பிலேயே சொன்னேன். விடியற்காலையில் எழுந்து கூடத்தில் நடந்த பிறகுதான் மறுபடியும் படுக்க முடிகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த மருத்துவர் என் கணவர் பக்கம் திரும்பி, "வீட்டுல ஏதாவது டென்ஷனா சார்? இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். இடுப்புத் தண்டுவட எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதில் இலேசான ஜவ்வு விலகல் தெரிந்தது. வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அப்படித் தெரிவதுண்டு என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், ஆகவே வாத நோய் இல்லை என்று முடிவு கட்டினார்கள். எனக்கிருக்கும் நோயில் அந்தப் பரிசோதனை பொதுவாக நெகட்டிவாகத்தான் வரும்.

பிறகு ஆலோசகர் என்ற பெயரில் ஒருவர் தனி அறையில் உட்கார வைத்து, ட்ராக்‌ஷன் (முதுகெலும்பை இழுத்து நீட்டும் சிகிச்சை), லேசர், பெல்ட் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி, அன்றே கட்டினால் தள்ளுபடி என்றார். கட்டினோம். சிகிச்சையோடு முழு ஓய்வும் எடுக்கச் சொன்னார்கள். இந்த நோய்க்கு அசையாமல் படுத்துக் கிடப்பது நேர் எதிரான அறிவுரை. வலி கூடியது. கூடிவிட்டது என்று சொன்னதற்கு, மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். ஒரு கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தபோது, "அதுக்கும் முதுகுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார்கள்.

சம்பந்தம் உண்டு என்று கண் மருத்துவர்தான் சொன்னார். கண்ணுக்குள் ஏற்பட்ட அழற்சியைப் பார்த்ததுமே, முதுகுவலி இருக்கிறதா என்று அவராகவே கேட்டு, மூட்டு மற்றும் வாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி நிபுணரிடம் அனுப்பினார். அங்கே, இந்த நோயோடு தொடர்புடைய மரபணுக் கூறு இருக்கிறதா என்று பார்க்கும் எச்.எல்.ஏ.-பி27 ரத்தப் பரிசோதனையும், எஸ்.ஐ. மூட்டுகளுக்கென்று தனியாக எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். முன்பு எடுத்த ஸ்கேனில் அந்த மூட்டுகள் சரியாகப் பதிவாகவே இல்லை.

மையத்திடம் போராடி என் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கினேன். ஏற்கெனவே அச்சிட்ட படிவம் அது. "ஓய்வில் வலி குறைகிறது" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. நான் சொன்னதற்கு நேர்மாறாக எழுதி வைத்துவிட்டு, அதை நம்பி எனக்கு ஓய்வு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தை விட இதுதான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது.

இளம் வயதில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி ஓய்வில் கூடினால், பேக்கேஜ் எதற்கும் சம்மதிக்கும் முன் ருமட்டாலஜி நிபுணரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித்துறையே உள்ளது. எக்ஸ்ரே நார்மல் என்பதாலோ, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் நார்மல் என்பதாலோ இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம். அதேபோல் பி27 பாசிட்டிவ் என்பது மட்டுமே நோயாகிவிடாது. அது உள்ள பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. இது ஆண்களின் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டதால் பெண்களுக்குக் கண்டறிவது இன்னும் தாமதமாகிறது. ஆகவே பெண்கள் "டென்ஷன்" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம்.

கேஸ் ஷீட்டை எழுத்து மூலம் கேளுங்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். எனக்கு முதலில் "கொடுக்கிற வழக்கமில்லை" என்றார்கள். இந்த விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகுதான் தந்தார்கள். கட்டிய பணத்தின் ரசீதில் "பேக்கேஜ்" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.