கடைசிப் படகும் கரை சேரும் வரை

மட்டக்களப்பின் கல்லடியில் இயங்கும் கயாக் (இருமுனைத் துடுப்பால் செலுத்தும் சிறு படகு) கழகம் ஒன்று கடந்த சித்திரையில் நடத்திய வார இறுதி நிகழ்வில் நானும் கலந்துகொண்டேன். சனிக்கிழமை மட்டக்களப்பு வாவியில் போட்டி, ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவில் எல்லோரும் ஒன்றாகக் கடலுக்குச் செல்லும் பயணம் என்பதே ஏற்பாடு. படகு, துடுப்பு, உயிர்காப்பு அங்கி, இரண்டு நாள் மதிய உணவு ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒருவரிடம் 7,500 ரூபாய் வாங்கினார்கள். 22 பேர் வந்திருந்தோம். சிறுவயதில் தோணியில் சவள் என்னும் மரத் துடுப்பை வலித்துப் பழகியவன் என்றாலும் கயாக்கில் எனக்கு இரண்டு வருடப் பழக்கமே உண்டு. ஆகவே இது ஒரு தேர்ந்த வீரரின் மதிப்பீடு அன்று, நடுத்தரத் திறனுள்ள ஒருவரின் மதிப்பீடு.

போட்டி காலை ஆறரை மணிக்குத் தொடங்கியது. சித்திரையில் பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று எழுந்து வாவியின் நீர்ப்பரப்பைக் குலைத்துவிடும் என்பதை அறிந்தே அவ்வளவு வேளைக்கு வைத்திருந்தார்கள். கல்லடிப் பாலத்துக்கு வடக்கே புறப்பட்டு, பாலமீன்மடு வெளிச்சவீடு தெளிவாகத் தெரியும் இடம் வரை மூன்று கிலோமீற்றர் சென்று திரும்ப வேண்டும். 1913இல் கட்டப்பட்ட அந்த வெளிச்சவீட்டைக் குறியாக வைத்துக்கொண்டால் படகு நேராகப் போகும் என்று புறப்படுமுன் சொல்லித் தந்தது பெரிதும் உதவியது. முகத்துவாரம் வரை போகாமல் முன்பே திருப்பியதும் சரியான முடிவு. அங்கே மணல்திட்டும் நீரோட்டமும் மாறிக்கொண்டே இருப்பதால் புதியவர்களை அழைத்துச் செல்லத்தக்க இடம் அது அன்று.

எல்லோருக்கும் ஒரே வகைப் படகு கிடைக்கவில்லை. சிலருக்கு ஐந்து மீற்றர் நீளமுள்ள ஒடுங்கிய கடற்கயாக் கிடைத்தது. மற்றவர்களுக்கு மேலே அமர்ந்து செலுத்தும், மூன்று மீற்றர் நீளமுள்ள அகலமான படகு. நீரில் படியும் நீளம் கூடக் கூடப் படகு எட்டக்கூடிய வேகமும் கூடும் என்பதால், இவற்றை ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் வெற்றியைக் கைகள் தீர்மானிக்கா, படகே தீர்மானித்துவிடும். கழகம் இதற்கு நல்லதொரு வழி கண்டிருந்தது: குட்டைப் படகுகளைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பியது. அதனால் கடைசி ஐந்நூறு மீற்றரில் ஏறக்குறைய அனைவரும் ஒரு கூட்டமாக வந்து சேர்ந்தோம். முதலிடம் பெற்றவர் குட்டைப் படகில் வந்த ஒரு பாடசாலை மாணவி. நான் நீளப் படகில் 57 நிமிடம் எடுத்து ஒன்பதாவதாக வந்தேன்.

மீனவர்களின் விடயத்திலும் கழகம் மிகுந்த அக்கறை காட்டியது. வாவி எங்கள் விளையாட்டுத் திடல் அன்று. இறாலுக்கும் மீனுக்கும் வலை போட்டு அதை நம்பி வாழ்பவர்கள் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் மாலையே அவர்களிடம் சென்று வலை எங்கெங்கே இருக்கும் என்று கேட்டு, அதற்கேற்பவே பாதையை வகுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஓரிடத்தில் நான் வழி தவறி மிதப்புக் கட்டைகளை நெருங்கிவிட்டேன். தோணியில் இருந்த முதியவர் ஒருவர், "வலைக்கு மேலால போகாத மனே, அங்கால சுத்திப் போ" என்றார். குரலில் கோபம் இல்லை. முன்கூட்டியே மதித்துக் கேட்டதன் பயன் அது என்றே நினைக்கிறேன்.

இரண்டு நாளிலும் நான் மிகவும் பயனடைந்தது சனிக்கிழமை பிற்பகலில் நடந்த மீட்புப் பயிற்சியினால்தான். இடுப்பளவு நீரில் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து வெளியே வர வேண்டும். பிறகு துணைக்கு வருபவர், கவிழ்ந்த படகின் முன்முனையைத் தம் படகின் மேல் குறுக்காக இழுத்து, உள்ளிருக்கும் நீரை வடியவிட்டு, நிமிர்த்தி, இரு படகுகளையும் அருகருகே இறுகப் பிடித்துக்கொள்கிறார். விழுந்தவர் மறுபக்கத்தால் வயிற்றில் படுத்தபடி ஏறி, கால்களை உள்ளே நுழைத்துத் திரும்பி உட்காருகிறார். சொல்லும்போது எளிதாக இருக்கும் இதை முதல் முறை செய்ய எனக்கு ஏழு நிமிடம் ஆயிற்று, நான்காம் முறை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. ஏற முடியாமல் திணறிய ஒரு பெண்ணுக்காகப் பயிற்றுநர் நாடாவால் ஒரு மிதிவளையம் கட்டிக் கொடுத்து, அவர் தாமாகவே ஏறும்வரை அரை மணி நேரம் நீரில் நின்றார். அதற்காக மற்றவர்களின் தேநீர் தாமதமாயிற்று, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அன்றிரவு பௌர்ணமி நெருங்கிய நிலவில், விரும்பியவர்கள் பாலத்தடிக்குச் சென்று வாவியின் நீருக்கடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் 'பாடும் மீன்' ஒலியைக் கேட்க முயன்றோம். எங்கள் கயாக் துடுப்புகளில் ஒன்றும் கேட்கவில்லை. மீனவர் ஒருவர் தந்த மரச் சவளின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தபோது, தம்புரா நரம்பைத் தொட்டது போன்ற மெல்லிய ஒலி எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் இருந்தவர் தமக்குக் கேட்கவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் பாசிக்குடாவில் தொடங்கி, முனையைச் சுற்றிக் கல்குடாவில் முடிவதாக இருந்தது. குடாவுக்குள் நீண்ட தூரம் முழங்காலளவு நீர்தான்; முருகைக்கல் பார் எனப்படும் பவளப்பாறைத் திட்டைத் தாண்டியதும் உண்மையான கடலின் ஏற்றம் படகைத் தூக்கத் தொடங்கும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவருக்கும் இடையில் அனைவரும் என்பது விதி. முன்னவரை எவரும் முந்தக் கூடாது, பின்னவருக்குப் பின்னால் எவரும் தங்கக் கூடாது. முனைக்குச் சற்று முன்பாக ஓர் ஆசிரியைக்கு மணிக்கட்டு வலி கண்டு துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. தலைவர் கூட்டம் முழுவதையும் நிறுத்தி, இழுவைக் கயிற்றில் அவருடைய படகைப் பிணைத்து, எல்லோரையும் பாசிக்குடாவுக்கே திருப்பினார். கல்குடாவைக் காணாமல் திரும்புவது அப்போது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தைப் பிரித்திருந்தால் இரு பக்கத்திலும் மீட்புத் தெரிந்தவர் போதாமல் போயிருப்பார்கள் என்று கரையில் விளக்கியபோது ஏற்றுக்கொண்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெண்கள் உடை மாற்ற ஒழுங்கான இடம் இரண்டு நாளும் இருக்கவில்லை. துணியால் மறைத்த ஒரு மூலையே இருந்தது, இதைக் கழகம் உடனடியாகத் திருத்த வேண்டும். சிறிய உடலமைப்புள்ளவர்களுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கிகள் நான்கே இருந்தன. தளர்ந்த அங்கி நீரில் முகத்துக்கு மேலே ஏறிவிடும், ஆகையால் இது வசதிக் குறைவு மட்டும் அன்று. திருப்பப் புள்ளியில் மிதக்கவிட்ட மஞ்சள் கலன் சிறியது; காலை வெயில் எதிரே அடிக்கும்போது அருகில் போகும்வரை தெரியவில்லை. ஞாயிறு காலை விளக்கவுரையை அவசரமாக ஆங்கிலத்தில் முடித்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள் என்பதால் கடல் பற்றிய அறிவுறுத்தலைத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். உணவு நன்றாக இருந்தது, இறால் குழம்பும் எருமைத் தயிரும் குறிப்பாக.

அடுத்த முறை செல்ல விரும்புவோர் வைகாசிக்கு முன்னுள்ள வார இறுதியைத் தெரிவு செய்வது நல்லது. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையோரம் நீர் சாதுவாகத் தோன்றினாலும் திரும்பி வருவதற்குள் கை சோர்ந்துவிடும். வாடைக் காலத்தில் கடலுக்குப் போவது பற்றிப் பேச்சே இல்லை. நீளக்கை மேற்சட்டை, கயிறு கட்டிய தொப்பி, பழைய செருப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். படகில் ஏறியதும் கால்தாங்கியை உங்கள் கால் நீளத்துக்குச் சரிசெய்து தருமாறு கேளுங்கள். நான் கேட்கத் தவறியதால் முதல் நாள் முழுவதும் இடுப்பு வலியோடு துடுப்பு வலித்தேன்.