காத்திருக்கக் காசு கேட்காத ஊர்: அபிஸ்கோவா, ட்ரோம்சோவா, ரோவனியெமியா?

ஸ்வீடனுக்குப் படிக்க வரும் ஒவ்வொரு பேட்சிலும் நவம்பர் பிறந்ததும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். நாலு மணிக்கே இருட்டிவிடும். ஹாஸ்டல் சமையலறையில் நாலு பேர் கூடுவார்கள். "நார்தன் லைட்ஸ் பார்க்க எங்கே போகலாம்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இரவு வானில் அலையும் வடதுருவ ஒளியைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஸ்வீடனின் அபிஸ்கோ, நார்வேயின் ட்ரோம்சோ, பின்லாந்தின் ரோவனியெமி என்று மூன்று பெயர்கள் வந்து விழும். உப்சாலாவில் படித்த இரண்டு வருடத்தில் மூன்றுக்கும் போய்வந்தேன். மாணவர்கள் கூட்டமாகப் போவதானால் அபிஸ்கோதான் என்பது என் முடிவு. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை நாங்கள் தவறான கணக்குப் போட்டுப் பணத்தை விட்டோம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது அட்சரேகையைத்தான். ட்ரோம்சோ 69.6 டிகிரி, அபிஸ்கோ 68.3, ரோவனியெமி 66.5. வடக்கே போகப் போக நன்றாகத் தெரியும் என்று நாங்களும் நம்பினோம். உண்மையில் மூன்று ஊருமே வடதுருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு உள்ளேயோ விளிம்பிலோதான் இருக்கின்றன. அந்த ஒளி பிறப்பது தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே. மேகம் நிற்பதோ பத்து கிலோமீட்டருக்குள். மேலே எவ்வளவு பெரிய ஆட்டம் நடந்தாலும் நடுவில் மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊரில் வானம் அதிகம் திறந்திருக்கும் என்பதுதான்.

இங்கேதான் அபிஸ்கோ முந்துகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்றை நார்வே எல்லை மலைகள் மேற்குப் பக்கத்திலேயே பிழிந்துவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைக் கேரளப் பக்கமே கொட்ட வைத்துவிட்டு, தேனிப் பக்கம் வெறும் காற்றை அனுப்புகிறதே, அதே கதை. அபிஸ்கோவில் ஆண்டு மழையும் பனியும் சேர்த்து ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். ஸ்வீடனிலேயே மிக வறண்ட இடங்களில் அது ஒன்று. சுற்றிலும் மூட்டமாக இருக்கும்போதும் ஊரை ஒட்டிய டோர்னெத்ரெஸ்க் ஏரிக்கு மேல் மட்டும் வானம் கிழிந்து நீலம் தெரியும். 'நீல ஓட்டை' என்றே அதற்குப் பெயர் உண்டு.

ட்ரோம்சோ இருப்பதோ அந்த மலைகளுக்கு மறுபக்கம், கடலோரம். வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் ஜனவரியில்கூடச் சராசரி மைனஸ் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிருக்குப் பயந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அதே கடல் மேகத்தையும் கொண்டுவரும். அங்கே 'சேஸ்' என்ற வியாபாரம் நடப்பது இதனால்தான்: மினிபஸ்ஸில் ஏற்றி, மேகம் இல்லாத இடம் தேடி, சில நாள் பின்லாந்து எல்லை வரைகூட ஓட்டிப் போவார்கள். ஆளுக்கு ஆயிரம் நார்வே குரோனரும் அதற்கு மேலும் ஆகும். நாங்கள் டிசம்பரில் போனபோது நாலு இரவில் ஒரு இரவுக்குத்தான் அந்தப் பணம் கட்ட முடிந்தது. எந்த இரவு என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அன்று போன வழியெல்லாம் மூட்டம். விதிமுறைப்படி பணம் திரும்பாது. அதற்கு அடுத்த இரவு வானம் திறந்ததாம். நாங்கள் விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

ட்ரோம்சோ மோசமான ஊர் என்று சொல்லவில்லை. அழகில் மூன்றிலும் அதற்கே முதலிடம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. ஆனால் கும்மிருட்டு இல்லை. பகல் பதினொரு மணிக்கு மலைப் பனி முழுவதும் மைத்துளி கலந்த தண்ணீர் மாதிரி நீலமாகும், தெற்கு விளிம்பில் மட்டும் கொஞ்சம் ரோஜா நிறம். 421 மீட்டர் உயரத்துக்குக் கேபிள் காரில் ஏறி அதைப் பார்த்த ஒரு மணி நேரம் எனக்கு மறக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ட்ரோம்சோவுக்கு வடகிழக்கே ஷெர்வோய் பக்கம் திமிங்கிலங்கள் வரும். திமிங்கிலம்தான் ஆசை என்றால் யோசிக்காமல் ட்ரோம்சோவுக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை: பனி உருகி மறுபடி உறைவதால் நடைபாதை கண்ணாடியாக இருக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

ரோவனியெமிக்கு நண்பர்களோடு போகவில்லை, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கு அது மிகச் சரியான இடம். ஹெல்சிங்கியிலிருந்து ஒரே இரவு ரயில், நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டரில் சாண்டா கிராமம், டிசம்பரிலும் இரண்டு மணி நேரமாவது எட்டிப் பார்க்கும் சூரியன். ஆர்க்டிக் வட்டக் கோட்டில் அம்மா நின்று எடுத்த படம் இன்றும் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஆனால் மாணவர் கூட்டத்துக்கு அங்கே எதைத் தொட்டாலும் டிக்கெட். இன்னொன்று: இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் வாழ்க்கையை அறிய விரும்பினால் ரோவனியெமியில் நிற்காதீர்கள். பின்லாந்தில் அவர்களுடைய தாயகப் பகுதி இன்னும் வடக்கே, இனாரி பக்கம்தான் இருக்கிறது. ரெயின்டீர் மான் வளர்ப்பவரைச் சந்தித்தால், "உங்களிடம் எத்தனை இருக்கிறது?" என்று கேட்க வேண்டாம். பேங்க்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் அது.

அபிஸ்கோவுக்கு வருகிறேன். ஸ்டாக்ஹோமிலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குப் போகும் இரவு ரயில் உப்சாலாவிலும் நிற்கும். பதினேழு, பதினெட்டு மணி நேரப் பயணம். படுக்கைப் பெட்டியில் நம்ம ஊர் ஸ்லீப்பர் போலக் கீழ், நடு, மேல் என ஆறு படுக்கை. விமானத்தில் போனால் இந்தப் பயணத்தின் பாதி போய்விடும் என்பேன். காலையில் கண் விழித்தால் ஜன்னல் முழுக்க வெள்ளை. இந்த வடபகுதித் தடமே கிருணா ஊர்ச் சுரங்கத்தின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டது. ஒற்றைத் தடம் என்பதை மறக்காதீர்கள். 2023 டிசம்பரில் ஒரு தாது ரயில் தடம் புரண்டு, பிப்ரவரி வரை கிருணா–நார்விக் போக்குவரத்து முடங்கியது. திரும்பி வந்த மறுநாளே தேர்வு என்று திட்டம் போடாதீர்கள்.

சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பாருங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி எல்லாம் உப்சாலாவிலிருந்தே தூக்கிக்கொண்டு போனோம். குளிருக்கான ஓவரால், பூட்ஸ் தங்கும் இடங்களிலேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே கம்பளி போடுங்கள், பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி பனிக்கட்டி போல ஒட்டிக்கொள்ளும். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தளர்வான ஷூவும் ஒரு தடித்த கம்பளி சாக்ஸும் போதும். போனை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான வசதி, ஹாஸ்டல் கதவைத் திறந்து பத்து நிமிடம் நடந்தால் ஏரி, இருட்டு, வானம். யாருக்கும் பணம் தர வேண்டாம். நாற்காலி லிஃப்ட்டில் நுவோல்யா மலைக்கு ஏறி, 900 மீட்டரில் இருக்கும் நிலையத்திலிருந்து பார்க்கும் ஏற்பாடும் அப்போது இருந்தது, ஆனால் விலை அதிகம். நாங்கள் போகவில்லை, குறையும் தெரியவில்லை. மார்ச் முதல் வாரம் போயிருந்தோம். முதல் இரவு எதுவும் இல்லை, இரண்டாம் இரவும் இல்லை. ட்ரோம்சோவாக இருந்தால் அதோடு கை காலியாகியிருக்கும். இங்கே மூன்றாம் இரவும் பிளாஸ்க்கில் ரசம் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். மைனஸ் 19. உறைந்த ஏரி எங்கோ தூரத்தில் விரிசல் விடும் சத்தம், தந்திக் கம்பியைத் தட்டினாற்போல் வந்தது. பதினொன்றரைக்கு மலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நீளப் பட்டை. மதுரைக்காரத் தோழி, "மேகம் வந்துடுச்சு, போலாம்பா" என்றாள். போனில் படம் எடுத்தால் அது பச்சை. மங்கலாக இருக்கும்போது கண்ணுக்கு நிறம் பிடிபடாது. அந்தப் பட்டை திடீரென்று அகன்று, தலைக்கு மேலே துணி உதறினாற்போல் அலைந்தது. அப்போது கண்ணுக்கே பச்சை தெரிந்தது, கீழ் ஓரம் இளஞ்சிவப்பு. அவள் இமை முழுக்க வெண்பனி. ரசம் கோப்பையிலேயே ஆறிப்போயிற்று.

எப்போது போவது என்றால் நான் மார்ச் என்பேன். பகலில் வெயிலும் பனியும் சேர்ந்து கிடைக்கும், இரவும் போதிய நீளம், சம இரவு நாட்களை ஒட்டி இந்த ஒளியைத் தூண்டும் காந்தப் புயல்கள் சற்று அதிகம். அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்து, நாலு இரவுக்குக் குறையாமல் போடுங்கள். ஐந்தாம் நாள் காசு மிச்சமிருந்தால் அதே ரயிலில் நார்விக், அங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் ட்ரோம்சோ. அபிஸ்கோவில் இரண்டு ஸ்டேஷன் உண்டு: ஹாஸ்டல்களும் மளிகைக் கடையும் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷனில், மலை விடுதி அடுத்த ஸ்டேஷனில். எதில் இறங்க வேண்டும் என்று புக்கிங்கைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.