கோனா, டப்பாவா: பயணத்தில் அந்த ஊர் ஐஸ்கிரீம்

வெளியூர் போனால் அந்த ஊர் ஐஸ்கிரீமைச் சாப்பிடாமல் எங்கள் வீட்டில் யாரும் திரும்புவதில்லை. அதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் இரண்டு கட்சி. கடை வாசலிலேயே ஆளுக்கொரு கோன் என்பது நானும் பிள்ளைகளும். பெரிய டப்பாவாக வாங்கி அறையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம் என்பது என் மனைவி. இரண்டையும் செய்து பார்த்த பிறகு, இப்போது கோன் பக்கம் வந்து நிற்கிறோம்.

டப்பாவுக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவைப் பார்த்தால் செலவு குறைவு. வரிசையில் நிற்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் அதுதான் வசதி. அதைவிட முக்கியம், வீட்டில் யாருக்காவது கடலையோ முந்திரியோ ஒவ்வாமை என்றால், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்டு மூடி வைத்த டப்பாதான் நல்லது. கடையில் ஒரே கரண்டி பல தட்டுகளுக்குள் புகுந்து வரும். அந்த இடத்தில் கோனுக்காக நான் வாதாட மாட்டேன்.

கோனின் பக்கம் சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாலு பேர் நாலு சுவை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் பார்க்கலாம். சரி, முடிவைத் தீர்மானித்தது அது இல்லை. குளிர்தான்.

ஐஸ்கிரீமைப் பத்திரமாக வைக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். போன கோடையில் ஒரு லிட்டர் டப்பா வாங்கி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டியைக் கொட்டிக்கொண்டு கிளம்பினோம். அறைக்குப் போகக் காரில் இரண்டு மணி நேரம் ஆனது. பெட்டியில் ஐஸ் கட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, ஆனால் டப்பாவைத் திறந்தால் ஓரமெல்லாம் பால். பிறகுதான் புரிந்தது. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் கட்டி 0 டிகிரியில் இருக்கும். சர்க்கரை கரைந்திருக்கும் ஐஸ்கிரீமோ அதற்குக் கீழேயே இளகி ஓடிவிடும். அதாவது, ஐஸ்கிரீமுக்கு ஐஸ் கட்டியே சூடு. நிறைய உப்பைக் கலந்திருந்தால் கதை வேறு, அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். அந்தக் காலத்தில் மர வாளியில் ஐஸோடு உப்பைப் போட்டு, கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்தது இதனால்தான்.

மிச்சத்தை அறையில் இருந்த குட்டி ஃப்ரிட்ஜின் ஐஸ் அறைக்குள் வைத்தோம். காலையில் இறுகித்தான் இருந்தது, ஆனால் வாயில் போட்டால் நறநறவென்று மணல் மாதிரி. ஐஸ்கிரீமைக் கடைந்துகொண்டே உறைய வைப்பதால்தான் உள்ளே இருக்கும் ஐஸ் துகள்கள் நாக்குக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கின்றன, காற்றும் ஏறுகிறது. சில வகைகளில் பாதி அளவு வெறும் காற்றுதான். உருகினால் அந்தக் காற்று போய்விடும். மறுபடி உறையும்போது கடைய ஆள் இல்லை, தண்ணீர் பெரிய பெரிய துகளாக இறுகிவிடும். ருசி மட்டுமில்லை, பயமும் உண்டு. உருகிய நேரத்தில் பெருகிய கிருமிகளை ஃப்ரீசர் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வராமல் கொட்டிவிட்டோம். அவ்வளவு தூரம் போய் வாங்கியதைக் கொட்டுவது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

எல்லா ஊர் ஐஸ்கிரீமும் ஒரே மாதிரி உருகுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குல்ஃபியில் பாலைச் சுண்டக் காய்ச்சி, கடையாமல் அச்சில் உறைய வைப்பதால் காற்று குறைவு, மெதுவாகத்தான் கரையும். துருக்கியின் தொந்துர்மாவில் ஆர்க்கிட் கிழங்கு மாவும் ஒரு மரப்பிசினும் சேர்வதால் இழுவையாக இருக்கும், சட்டென்று உருகாது. அதை நான் ஒரே ஒரு முறைதான் சாப்பிட்டிருக்கிறேன், டப்பாவில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. இத்தாலியின் ஜெலாட்டோ நேர் எதிர். சாதாரண ஐஸ்கிரீமைவிடக் கொஞ்சம் குறைந்த குளிரில், இளகலாகப் பரிமாறுவதில்தான் அதன் சுகமே. ஃப்ரீசரில் கல்லாக இறுகினால் அந்த வழவழப்பு போய்விடும். அதைக் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

உலர்பனி, அதாவது கட்டியாக உறைய வைத்த கரியமில வாயு (டிரை ஐஸ்), வைத்து விமானத்தில் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். உலர்பனி ஓர் ஆளுக்கு இரண்டரைக் கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனம் சம்மதித்தால். பெட்டியை இறுக்கி மூடவும் கூடாது, ஆவி வெளியே போக வழி வேண்டும். நான் முயன்றதில்லை. அப்படி ஒரு பாடு பட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதை அந்தத் தெருவிலேயே நின்று சாப்பிட்டால், கடைக்காரரிடம் இன்று எது புதிதாகப் போட்டது என்று கேட்கவாவது முடியும்.

டப்பாவை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. தங்கும் இடத்தில் சமையலறையோடு நிஜமான ஃப்ரீசர் இருந்து, கடையும் பத்து நிமிஷ நடையில் இருந்தால் வாங்குவோம். மற்றபடி கோன்தான். என் மனைவி போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: சின்னவனுக்கு மட்டும் கப். அவன் கோனை எப்போதும் அடியிலிருந்துதான் கடிக்கத் தொடங்குவான்.