தினம் அரை மணியா, மாதம் ஒரு நாளா?

கம்பம், போடியிலிருந்து மலையேறி இடுக்கியில் ஏலக்காய்த் தோட்டம் நடத்துபவருக்கு யோசிக்க நேரம் என்பது தானாகக் கிடைக்காது. ஒதுக்குவதானால் இரண்டு வழி: தினமும் அரை மணி நேரம், அல்லது மாதம் ஒரு முழு நாள்.

அரை மணி சுலபம். ஆட்களோடு ஜீப் மலைப்பாதை ஏறும் முன், போனை அணைத்துவிட்டு ஒரு நோட்டில் எழுதலாம். நேற்று யாரிடம் கத்தினோம், எந்த முடிவைத் தள்ளிப்போட்டோம், கங்காணி சொன்னதை முழுசாகக் கேட்டோமா. சூடு ஆறுவதற்குள் எழுதுவதால் சாக்குப்போக்கு சேராது. ஆனால் கூலி, மருந்தடிப்பு, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு என்று கண் சின்ன விஷயங்களிலேயே நிற்கும்.

ஏலக்காயை மட்டும் நம்பலாமா, பொறுப்பை யாரிடம் விடுவது போன்ற கேள்விகளுக்கு முழு நாள் வேண்டும். காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். அவசரமென்றால் எழுதிக் காட்டுவார். நம்மால் முடியுமா? காய் பறிப்பு மும்முரத்தில் சிரமம்தான். இடமும் முக்கியம்: அமாவாசையன்று சுருளி அருவிக்குப் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம்!

என் ஓட்டு அரை மணிக்கு. முழு நாளை பறிப்பு ஓய்ந்த கோடையில் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்ன முறை இதற்குப் பொருந்தும்: பெரிய முடிவெடுக்கும்போதே எதிர்பார்ப்பை எழுதி வைத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுவது. தினசரி நோட்டு இல்லாமல் அந்த முழு நாளில் உட்கார்ந்தால் பாதி நாள் பழசை நினைவுபடுத்துவதிலேயே போய்விடும்.