‘காலி’ என்று சொல்லி விற்ற பித்தளைத் தீயணைப்பான்: பழம்பொருள் வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஷோகேஸில் வைக்கவோ, லேம்ப்பாக மாற்றவோ பழைய பித்தளைத் தீயணைப்பான் வாங்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மே மாதம் எனக்கும் என் ஒன்பது வயது மகளுக்கும் நடந்தது இது.

நான் திருப்பூர்க்காரன். பதினோரு வருடமாகப் பழைய தீயணைப்பான்கள் சேர்க்கிறேன். மூடிய மில், இடிக்கிற தியேட்டர், பழைய பஸ் கம்பெனி ஷெட் என்று எடைக்குப் போக இருந்தவற்றை மீட்டு வந்ததுதான் பாதிக்கு மேல். காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவில் சில வாங்கியிருக்கிறேன், நல்ல மனிதர்களிடம். அதுவரை என் கைக்கு வந்த எல்லாமே பல வருடங்களுக்கு முன்பே காலியானவை என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு நெடுநாள் ஆசை ஒரு பைரீன் கைப்பம்ப்பு மேல். ஒன்றரை ஜாண் நீளம், சைக்கிள் பம்ப்பைக் குறுக்கித் தடிமனாக்கியது போல ஒரு பித்தளை உருளை. அமெரிக்காவில் பைரீன் கம்பெனி 1911 வாக்கில் கொண்டுவந்த வடிவம் இது. பிறகு லண்டனிலும் செய்தார்கள். கைப்பிடியைத் திருப்பிப் பூட்டைத் தளர்த்தி, இழுத்து இழுத்து அடித்தால் முனையிலிருந்து திரவம் பீச்சும். இழுக்கும்போதும் வரும், தள்ளும்போதும் வரும். அந்தக் காலத்துக் கார், பஸ், லாரி, விமானம் எல்லாவற்றிலும் இது மாட்டியிருந்தது. மின்சாரத் தீயிலும் பெட்ரோல் தீயிலும் அடிக்கலாம், கறை விடாது, குளிரில் உறையாது. அதனால்தான் அவ்வளவு மவுசு.

உள்ளே ஊற்றியது தண்ணீர் இல்லை, கார்பன் டெட்ராகுளோரைடு. நம் ஊரில் சிடிசி என்பார்கள்.

விற்றவர் மலையடிவாரத்தில் கிடங்கு வைத்திருப்பவர். எஸ்டேட் பங்களா சாமான் வாங்கி விற்கிறார். போனில் போட்டோ அனுப்பினார், நேரில் போனேன். 6,500 ரூபாய். நான் கேட்ட முதல் கேள்வியே, “உள்ள மருந்து இருக்குங்களா?” என்பதுதான்.

“ஒண்ணுமில்லைங்க சார், காலி. நானே கழுவிக் காய வச்சேன்.”

ஆட்டிப் பார்த்தேன். உள்ளே லொடக் லொடக் என்றது. “கழுவின தண்ணி கொஞ்சம் நின்னிருக்கும்ங்க” என்றார். கைப்பிடிப் பக்கத் திருகில் பச்சை பூத்திருந்தது. அதையும் பார்த்தேன். இந்தப் பம்ப்பில் எது ஊற்றப்பட்டது என்று தெரிந்த நான், அவர் வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. “கசிவு இருந்தா பட்டறையில கொடுத்துப் பத்தவச்சுக்குங்க, லேம்ப் மாட்டினா அம்சமா இருக்கும்” என்று வேறு சொன்னார். இந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.

காரில் பின் சீட்டுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்தேன். மே மாத வெயில், கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு இரண்டு மணி நேரப் பயணம். பின் சீட்டில் மகள். பாதி வழியில், “அப்பா, மிட்டாய் வாசம் வருது” என்றாள். எனக்கும் லேசாக ஒரு இனிப்பு வாசம். பழைய துணி வாசமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தலைவலி என்றாள். பல்லடம் தாண்டியதும் வாந்தி. நெடுநேரம் காரில் வந்த பிள்ளை, பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். எனக்கும் நெற்றி தெறித்தது, வெயிலைக் குறை சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சுற்றிய துணியைப் பிரித்தால் சொதசொதவென்று நனைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். சாமான் அறைக்கு எடுத்துப் போய், புழு பூச்சி வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, வெறுங்கையால் துடைத்து, ஒரு டம்ளரில் கொஞ்சம் பீச்சிப் பார்த்தேன். அரை மணி நேரம் இருந்திருப்பேன். வெளியே வரும்போது கால் தள்ளாடியது.

எதிர் வீட்டு ஐயா முப்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங், அயர்னிங் பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். “ஏந்தம்பி, இது சிடிசி வாசமாட்ட இருக்குது? கறை எடுக்க நாங்க வெச்சிருந்தது. அதெல்லாம் எப்பவோ நிறுத்திப்போட்டாங்களே. பிள்ளைய மொதல்ல வெளிய கூட்டிட்டு வா.” அவர் சொல்வது நிஜம். பனியன் துணியில் எண்ணெய்க் கறை எடுக்கத் திருப்பூரில் சிடிசி புழங்கியது. ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள் என்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்தியாவில் இப்படிப்பட்ட உபயோகங்கள் 2010 தொடக்கத்தோடு நின்றுபோயின. அந்த வாசம் தெரிந்த மனிதர் எதிர் வீட்டில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். விற்றவர் சொன்ன ‘தண்ணி’ என்னவென்று அவர்தான் சொன்னார்.

அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகளை ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, இரண்டாம் முறையும் சரியாக இருந்தது. அதை எழுதும்போதுதான் எனக்கு இப்போதும் மூச்சு வருகிறது. எனக்கு முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள், ரத்தத்தில் 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் அளவு 610. கல்லீரல் அடி வாங்கியிருக்கிறது. சிடிசி அப்படித்தான். மயக்கமும் வாந்தியும் தெளிந்து ‘சரியாகிவிட்டது’ என்று நாம் நினைக்கிற நேரத்தில், உள்ளே கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று மூன்று தரம் கேட்டார். சாராயம் உடம்பில் இருந்தால் இந்த விஷத்தின் அடி பல மடங்காகுமாம். தலைவலிக்கு நான் போட்ட பாராசிட்டமாலையும் உடனே நிறுத்தச் சொன்னார். ஐந்து நாள் படுக்கை. அளவுகள் இறங்க ஆறு வாரம் ஆனது.

அந்தப் பட்டறை யோசனைக்கு வருகிறேன். படுக்கையில் கிடந்தபோது எனக்குப் பயம் தந்தது இதுதான். சிடிசி சூட்டில் சிதைந்தால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் நச்சுவாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்ற வாயு. இந்தத் தீயணைப்பான்களை மூடிய இடத்தில் தீ மேல் அடித்தால் அதே ஆபத்து உண்டு. அவை ஒழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாஸ்ஜீனை முகர்ந்தவருக்கு முதலில் லேசான இருமல் மட்டும் இருக்கலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது மணிக்கணக்கில் கழித்து. உள்ளே மருந்து இருந்த அந்தப் பம்ப்பை ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் கொடுத்து, ஒரு பையன் கேஸ் சுடர் காட்டிப் பத்தவைத்திருந்தால்? நான் நிஜமாகவே அந்த வாரம் கொடுப்பதாக இருந்தேன். பாலிஷ் போடும் அண்ணனிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதல் முறை, “அது தண்ணி சார், நீங்களே எதையோ ஊத்திட்டுச் சொல்றீங்க” என்றார். இரண்டாம் முறை, “பழைய சாமான் ரிட்டர்ன் கிடையாது.” ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை அனுப்பியதும் என் நம்பரைத் தடுத்துவிட்டார். பணம் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பிள்ளை காரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அவர் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

பம்ப்பைக் காலி செய்தது கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் நண்பர். அவருடைய ஆய்வகத்தில், புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் வடித்தார். 700 மில்லி வந்தது, எடை 1 கிலோ 100 கிராம். கழுவின தண்ணி! ஆய்வகத்தின் அபாயகரக் கழிவுகளோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், மண்ணில் இறங்கி நிலத்தடி நீருக்கே போய்ச் சேரும். நொய்யல் ஆறு பட்டதெல்லாம் போதும்.

இந்தக் கனத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், அதனால் சொல்கிறேன். ஒரு குவார்ட் (பிரிட்டிஷ் கணக்கில் 1.14 லிட்டர் வாக்கில்; பைன்ட் அதில் பாதி) அளவு பம்ப் நிறைந்திருந்தால் திரவம் மட்டுமே 1 கிலோ 800 கிராம் வரும், பைன்ட் அளவானால் 900 கிராம். கையில் தூக்கும்போது அளவுக்கு மீறிக் கனத்தால், ஆட்டினால் சத்தம் வந்தால், முனையிலோ திருகிலோ பச்சை பூத்திருந்தால், அங்கேயே வைத்துவிடுங்கள். ஈரம் சேர்ந்தால் சிடிசி அமிலமாக மாறிப் பித்தளையை உள்ளிருந்தே தின்னும், காய்ந்த வாஷர் வழியாகக் கசியும். சுவரில் மாட்டும் சிவப்புக் கண்ணாடிக் குண்டுகள் விற்கிறார்களே, திரவம் ததும்ப இருப்பவை, அவற்றிலும் பலவற்றில் இதே சிடிசிதான். ஒன்று கை தவறி விழுந்தால் அந்த அறை அவ்வளவுதான்.

கூம்பு வடிவ சோடா-ஆசிட் தீயணைப்பான் வேறு கதை. உள்ளே சோடா உப்புக் கரைசல், மேலே கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலம். குமிழைத் தட்டினால் குப்பி உடைந்து, கரியமில வாயு பொங்கித் தண்ணீரைத் தள்ளும். அரித்துப்போன பழைய உடம்பு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கக்கூடும். அதே கிடங்கிலிருந்து போன வருடம் ‘சுத்தம் பண்ணது’ என்று வாங்கிய கூம்பு ஒன்று என்னிடம் இருந்தது. இது நடந்த பிறகு அதையும் நண்பரிடம் திறக்கக் கொடுத்தேன். அமிலக் குப்பி உடையாமல், முத்திரை கலையாமல் உள்ளேயே இருந்தது. ஒரு வருடம் என் மகள் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது.

சேர்ப்பதை நான் விடவில்லை. பம்ப் இப்போது காலியாக, மூடி கழற்றி, மொட்டை மாடி அறையில் இருக்கிறது.

போன வாரம் அதே ஆள் புது விளம்பரம் போட்டிருக்கிறார். சிவப்புத் துணி மேல் இரண்டு பைரீன் பம்ப்புகள், ஜோடி 12,000 ரூபாய், ‘காலி, கழுவியது, குழந்தைகள் அறைக்கு அழகு’. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடதுபக்கம் இருப்பதன் முனைக்குக் கீழே துணி ஒரு கையகலத்துக்கு நனைந்து கறுத்திருக்கிறது.